எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை!

எண்ணெய் வாங்கிய கடனைத் தேயிலை கொடுத்து அடைக்க முன்வந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் இலங்கைதான் அது. கடன் கொடுத்தது ஈரான். பணமாகத் திருப்பித்தர முடியாமல் போனதற்கு முதற்காரணம், அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் இடையிலான தீராப் பகை.

பகை வந்த வழி

இவ்விரு நாடுகளும் என்றுமே பகைவர்களாக இருந்தவையல்ல. 1951-இல் ஈரான் பிரதமர் முஸத்திக், பிரிட்டிஷார் கையிலிருந்த எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கினார். 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து அவரது ஆட்சியைக் கவிழ்த்தன. மன்னர் ஷாவின் கை ஓங்கியது.

1979 புரட்சியில் ஷா நாட்டை விட்டே வெளியேறினார். அவ்வாண்டு நவம்பரில் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணையாக இருந்தனர். அமெரிக்கர் இதை மறக்கவில்லை. 1988 ஜூலை 3-ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 உயிர்கள் மாண்டன. ஈரானியர் அதை மறக்கவில்லை. 2015-இல் அணுசக்தி ஒப்பந்தம் உருவானது. 2018-இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன.

பூட்டு எங்கே?

பொருளாதாரத் தடை என்றதும் கடலை மறித்து நிற்கும் கப்பல்கள்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையான பூட்டு வங்கியில் இருக்கிறது. உலக வணிகம் பெரும்பாலும் டாலரில் நடக்கிறது. அந்த டாலர் அமெரிக்க வங்கிகள் வழியே போகவேண்டும். ஈரானோடு கொடுக்கல் வாங்கல் வைத்தால் அந்த வாசல் தங்களுக்கும் அடைபடுமே என்று பிற நாட்டு வங்கிகளும் அஞ்சுகின்றன.

சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமோ ஈரானின் கச்சா எண்ணெயை நம்பி அமைந்தது. 2012-இல் தடை இறுகியது. வாங்கிய எண்ணெய்க்கு 25 கோடியே 10 லட்சம் டாலர் பாக்கி நின்றது. பிறகு இலங்கையின் கையிலும் டாலர் வற்றியது.

2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: மாதந்தோறும் 50 லட்சம் டாலர் பெறுமதியான தேயிலை அனுப்புவது, ஏற்றுமதியாளருக்கு இலங்கை அரசு ரூபாயில் பணம் கொடுப்பது. தேயிலை உணவுப் பொருள் என்பதால் இது தடையை மீறாது என்றது அரசு. இந்தக் கணக்கில் கடன் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். தேயிலை கப்பலேறியதோ 2023-இல்தான்.

ஈரானியருக்குத் தேநீர் உயிர். கற்கண்டு போன்ற சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு பருகுவார்கள். லாஹிஜான் மலைச்சரிவுகளில் தாங்களே பயிரிட்டும் அவர்களுக்குப் போதவில்லை.

கூடை சுமப்பவள்

"ஈரான் வாங்குவது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை, நுவரெலியா, ஹட்டன் தேயிலைக்கு அதனால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டாலர் வறட்சி மேடு பள்ளம் பார்ப்பதில்லை.

நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021-இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயானது. அன்று அது ஏறக்குறைய 5 டாலர். மறு ஆண்டே ரூபாய் சரிந்தது. அதே கூலி 3 டாலருக்கும் கீழே போனது. மாவும் மண்ணெண்ணெயும் ஏறிய விலைக்கு அவள் கூலி ஏறவில்லை. அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாக உயர 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்டின் கடன் டாலரில். அவள் கூலி ரூபாயில். சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அதிலும் அரைப் பேர்தான்!

அக்கரையில் இன்னொரு தாய். தொட்டாலே தோல் உரியும் பிறவி நோயுள்ள ஈரானியக் குழந்தைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து தனிவகைக் கட்டுத்துணி வந்துகொண்டிருந்தது. 2018-க்குப் பின் அது நின்றது. மருந்துக்குத் தடையில்லை என்கிறது சட்டம். தடைக்கு அஞ்சிய நிறுவனம் அனுப்பத் துணியவில்லை. சாதாரணத் துணியைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். அந்தக் குழந்தைக்கு அணு உலையைப் பற்றி என்ன தெரியும்?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நாடு இரண்டுபட்டால் கூலிக்காரிக்குத் திண்டாட்டம்! சகோதரிகளே, இனி இவ்விரு நாடுகளின் செய்தி வரும்போது யார் வென்றார் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வீட்டு அடுப்பு அணைந்தது என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.