டயரை மாற்றினால் போதுமா?

எங்க வீட்டு ஆம்னி வேனுக்கு இருபது வயசு. 2019-ல் ஆம்னி தயாரிப்பே நின்றுவிட்டதால், இப்போது ஓடுவதெல்லாம் பழசுதான். முன் டயர்கள் ஓரத்தில் மட்டும் தேய, "டயரை மாத்துங்க" என்றார் ஒரு மெக்கானிக். "புது டயரும் அப்படியே தேயாதா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

இன்னொருவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. அடியில் பார்த்தால் பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது! பக்கவாட்டில் ஆடினால் டை ராடு எண்டாம். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடுமாம். போடிமெட்டு வளைவில் அப்படி ஆகியிருந்தால்? அதை மாற்றி, வீல் அலைன்மெண்ட்டும் பார்த்த பிறகே டயர் வாங்கினோம்.

தோழிகளே, பள்ளத்தில் சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பு, டயரில் ஓரத் தேய்மானம், இவற்றைப் பக்கத்து சீட்டிலிருக்கும் நாமும் கவனிக்கலாமே!

- ஓர் இல்லத்தரசி, தேனி.