ஆப் போச்சு... கேமரா போகலை!

ஊர்ல அப்பா, அம்மா தனியா இருக்காங்களேன்னு வாசல்ல ஒரு கேமரா மாட்டிட்டு வந்திருப்பீங்க. ஒருநாள் லன்ச் டைம்ல ஆப்பைத் திறந்தா, 'சேவை நிறுத்தப்பட்டது'னு வருது. கம்பெனி சர்வரையே மூடிட்டாங்க.

பதறாதீங்க. கேமரா இன்னும் வேலை செய்யுது. அதையும் உங்க போனையும் இணைச்சுவிட்ட தரகர்தான் காணாமப்போயிட்டார்.

மேனுவல்ல 'ஆர்.டி.எஸ்.பி' அல்லது 'ஆன்விஃப்' வசதி இருக்கானு பாருங்க. இருந்தா, வீட்டு வைஃபையில வி.எல்.சி ப்ளேயர்லயே காட்சியைப் பார்த்துடலாம். இல்லைன்னா கஷ்டம்தான். 2024 ஏப்ரலில் கூகுள் டிராப்கேம் சேவையை நிறுத்தினப்போ, கிளவுடை மட்டுமே நம்பியிருந்த அந்த கேமராக்கள் வெறும் பொம்மையாகிடுச்சு.

வெளியூர்ல இருந்து பார்க்கணுமே? ரவுட்டர்ல 'போர்ட் ஃபார்வர்டிங்' பண்ணுனு யாராவது சொல்வாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். உங்க கேமரா மொத்த இணையத்துக்கும் தெரியும். 2016-ல் 'மிராய்' என்ற மால்வேர், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே மாத்தாம விட்ட கேமராக்களுக்குள்ள இப்படித்தான் புகுந்துச்சு.

பாதுகாப்பான வழி வி.பி.என். வீட்டுல பழைய லேப்டாப் ஒண்ணை எப்பவும் ஆன்ல வெச்சு, அதுலயும் உங்க போன்லயும் 'டெயில்ஸ்கேல்' போட்டு, ஒரே அக்கவுன்ட்ல லாகின் பண்ணுங்க. சொந்த உபயோகத்துக்கு இலவசம். லேப்டாப்ல 'சப்நெட் ரவுட்டர்' செட்டிங் முக்கியம். அதை விட்டுட்டா லேப்டாப் தெரியும், கேமரா தெரியாது. கேமரா பாஸ்வேர்டையும் கையோட மாத்திடுங்க.

கரன்ட் போனா லேப்டாப் பேட்டரியில சமாளிச்சுக்கும். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் ஒரு யு.பி.எஸ் வாங்கிக் கொடுத்துடுங்க. இல்லைன்னா, "அந்தப் பச்சை லைட் எரியுதாம்மா?"னு போன்லயே கேட்டுட்டு இருக்கணும்.