புல்லை நம்பி வாழும் பாலைவனம்

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், கோடையில் மணல்தான் பரந்து கிடக்கும். ஆனால் அது பாலைவனமல்ல; அந்தக் காஞ்சிபுரம் பக்கம் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். அங்கே ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டரில் பரந்திருக்கிறது பாலைவன தேசியப் பூங்கா. 1980இல் அறிவிக்கப்பட்டது.

பாலைவனம் என்றதும் மணல்மேடுகளே நினைவுக்கு வரும். பூங்காவில் மணல்மேடுகள் ஒரு பகுதிதான். பாறைத் தரையும் உப்புப் படிந்த பள்ளங்களும் புல்வெளியும் உண்டு. ஒரு மழை போதும், சேவண் புல் தழைத்துவிடும். ஆடுமாடுகளுக்கு அதுதான் தீவனம். அங்கே கேஜ்ரி என்று போற்றப்படும் மரம் வேறெதுவுமல்ல, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான். சிங்காரா மான், பாலை நரி, முள்வால் பல்லி எல்லாம் இங்கே வாழ்கின்றன.

புல்வெளியின் அரசன் கானமயில். ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. ஒருகாலத்தில் தமிழகத்திலும் திரிந்த இப்பறவை இன்று உலகிலேயே ஏறத்தாழ 150தான் மிஞ்சியிருக்கிறது. அதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில். தரையிலேயே, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். அதனால் நரியும் நாயும் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம்.

இதைவிடப் பெரிய ஆபத்து மின்கம்பி. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பியைக் கண்டாலும், அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. தார்ப் பாலையில் வெயிலும் காற்றும் தாராளம் என்பதால், பூங்காவைச் சுற்றிச் சூரிய மின்நிலையங்களும் காற்றாலைகளும் பெருகின, கூடவே கம்பிகளும். அவற்றை மண்ணுக்கடியில் கொண்டுபோக 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கலைக் காட்டி அரசு முறையிட்டதும், 2024இல் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது.

இதற்கிடையே, சாம், ராம்தேவ்ரா ஊர்களிலுள்ள இனப்பெருக்க மையங்களில் கானமயில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். 2024இல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பொரிந்தது. ஆனால் பூங்காவுக்குள் ஊர்களும் வயல்களும் உண்டு. வேலியிட்டுக் காக்கப்படுவது சில அடைப்புகள் மட்டுமே. வளர்ந்த பறவைகளை வெளியே விடுவதற்குள் மேய்ச்சல்காரர்களின் ஒத்துழைப்போடு புல்லைக் காக்கவும், பறக்கும் பாதையில் கம்பியைக் குறைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கூண்டில் காட்டிய திறமை கூண்டோடு நின்றுவிடும்.