வீட்டுப் பாலிஸியும் டெலிவிஷன் பெட்டியும்

சித்திரை மாதத்து இடிமழை எப்படி இருக்கும் என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்தியானம் வரையில் மண்டையைப் பிளக்கும் வெயில். நாலு மணிக்குப் புழுதிக் காற்று. ஐந்து மணிக்கு இடி! அப்படி ஒரு சாயங்காலம் திருப்பூரில் எங்கள் தெரு முழுவதும் மின்சாரம் போயிற்று. அரை மணி நேரத்தில் திரும்பியும் வந்துவிட்டது. எதிர் வீட்டில் மட்டும் டெலிவிஷன் வாயைத் திறக்கவில்லை. ஃபிரிட்ஜும் மௌன விரதம் பூண்டுவிட்டது.

அந்த வீட்டுப் பெண் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு இரவு பத்து மணிக்கும் பதில் எழுதுகிறவள், கெட்டிக்காரி. மறுநாள் காலையில் காப்பி ஆறுவதற்குள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏனுங்கக்கா, வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் கட்டிருக்கறமுங்களே. சாமானுக்கும் சேர்த்துத்தானுங்க. கேட்டா குடுப்பாங்கல்லங்க?"

பாலிஸியை வாங்கிப் பார்த்தேன். எந்தெந்த அபாயங்களுக்கு நஷ்ட ஈடு உண்டு என்ற பட்டியலில் 'மின்னல்' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. "கிடைக்கும், எழுதிப் போடு அம்மிணி" என்று நானும் தைரியமாகச் சொல்லிவிட்டேன். சில நாளில் பதில் வந்தது. ஒரு பைசாக்கூடக் கிடையாது!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாலிஸியைக் கடைசிப் பக்கம் வரையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நான் படித்ததை நீங்களும் தெரிந்துகொண்டால், இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் அசட்டுத் தைரியம் பெறாமல் இருப்பாள் அல்லவா?

நம் நாட்டில் 2021 ஏப்ரல் 1ம் தேதி முதல் வீட்டு இன்ஷூரன்ஸுக்கு எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டிய ஒரே மாதிரியான பாலிஸி ஒன்று இருக்கிறது. 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று பெயர். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்தது. தீ, வெடி விபத்து, பூகம்பம், புயல், வெள்ளம், மின்னல், கலகம், தண்ணீர்த் தொட்டி உடைதல் எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத்துக்கு எழுதிய தொகையில் நூற்றுக்கு 20 வீதம், அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய் வரையில், சாமான்களுக்கு இடம் உண்டு. பட்டியல்கூடக் கொடுக்க வேண்டாம். கட்டடம் முப்பது லட்சம் என்றால் சாமான்களுக்கு ஆறு லட்சம். டெலிவிஷன், டெலிபோன், சமையலறைச் சாதனங்கள், மின்சாரச் சாமான்கள் எல்லாமே இந்தச் 'சாமான்' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் விவரம் கொடுத்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதுவரையில் சரி. இனிமேல்தான் வில்லங்கம்.

விலக்குகள் என்ற பகுதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. மின்சார அல்லது எலெக்ட்ரானிக் சாதனம் ஒன்று மின்அழுத்தம் மிஞ்சியோ, ஷார்ட் சர்க்யூட் ஆகியோ, தானே சூடேறியோ கெட்டுப் போனால், காரணம் எதுவாக இருந்தாலும், மின்னலாகவே இருந்தாலும், அந்தச் சாதனத்துக்கு நஷ்ட ஈடு இல்லை! மின்னல் விழுந்து மொட்டை மாடிச் சுவர் பிளந்தால் கொடுப்பார்கள். அதே மின்னல் கம்பி வழியே வந்து டெலிவிஷனைச் சுட்டுவிட்டால் கொடுக்க மாட்டார்கள். எதிர் வீட்டுக்காரிக்கு நேர்ந்தது இதுதான். கம்பெனியின் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அச்சிட்டதைத்தானே அவர்கள் எடுத்துக் காட்டினார்கள்!

ஆனால் அந்த விலக்கு, கெட்டுப்போன அந்த ஒரு சாதனத்துக்கு மாத்திரம்தான். ராத்திரி முழுவதும் சார்ஜில் போட்ட லாப்டாப் சூடேறித் தீப்பிடித்து, பக்கத்திலிருந்த சோபா, மெத்தை, தையல் மெஷின் எல்லாம் எரிந்து போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். லாப்டாப்புக்குக் கிடைக்காது; மற்றவற்றுக்குக் கிடைக்கும். வெள்ளத்துக்கும் இந்தத் தகராறு இல்லை. 2011 நவம்பரில் நொய்யலும் சங்கிலிப்பள்ளமும் பெருகி வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த மாதிரி ஒரு நாளில் நனைந்து வீணாகும் டெலிவிஷனுக்கு இந்தப் பாலிஸி பதில் சொல்லும்.

அப்படியானால் மின்சாரம் கெடுத்ததற்கு வழியே இல்லையா? உண்டு. 1973ல் தேசிய உடைமையான பொதுத் துறைக் கம்பெனிகள் நெடுங்காலமாக விற்று வரும் 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிஸி' என்ற தொகுப்பில், வீட்டு மின்சாரச் சாதனங்கள் பழுதாவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. தனியார் கம்பெனிகளும் இதைக் கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. வயதான சாமான்களைச் சேர்க்கத் தயங்குவார்கள். பழக்கத்துக்கு ஏற்ப விலையைக் கழிப்பார்கள். முதல் சில ரூபாயை நம் தலையிலேயே கட்டுவார்கள். அதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "வோல்டேஜ் ஏறி டி.வி. போனால் எந்தப் பிரிவில் கொடுப்பீர்கள்?" பிரிவின் பெயரை அவர் காட்டட்டும். சிரித்து மழுப்பினால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

திருட்டு விஷயமும் இப்படித்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூர் எப்படிக் காலியாகிறது என்பது தெரிந்த கதை. மதுரைப் பக்கமும் தேனிப் பக்கமும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் போய்விட, தெருவுக்குத் தெரு பூட்டிய கதவுகள். அடிப்படை 'கிருஹ ரக்ஷா'வில், தீயோ வெள்ளமோ நேர்ந்து அதன் விளைவாக ஏழு நாளைக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் இடம். பூட்டை உடைத்துக்கொண்டு வருகிற சாதாரணத் திருடனுக்கு, வீடு புகுந்து திருடுதல் என்ற பிரிவைத் தனியே சேர்க்க வேண்டும். திருட்டு நடந்தால் போலீஸில் எழுதிக்கொடுத்து எப்.ஐ.ஆர். வாங்கவும் வேண்டும்.

கையோடு போகும் சாமான்கள் இன்னொரு ஜாதி. செல்போனும் லாப்டாப்பும் வீட்டுக்குள் இருக்கும் வரையில்தான் வீட்டுச் சாமான். அவினாசி பஸ்ஸில் ஏறிவிட்டால் வீட்டுப் பாலிஸி வாசற்படியோடு நின்றுவிடும். வெளியில் தொலைவதற்கும் கீழே விழுந்து உடைவதற்கும் 'ஆல் ரிஸ்க்' போன்ற தனிப் பிரிவு வேண்டும். கடையில் செல்போன் வாங்கும்போதே ஒரு 'எக்ஸ்டெண்டட் வாரண்டி'யைக் கையில் திணிக்கிறார்களே, அது ரிப்பேருக்கு, திருட்டுக்கு அல்ல. கம்பெனி கொடுத்த லாப்டாப் என்றால் அது நம் சொத்தே அல்ல. அது வீட்டில் இருக்கும்போது எரிந்தால் யார் பொறுப்பு என்று மானேஜரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நம் ஊருக்கென்றே ஒரு சங்கதி. முன்அறையில் ஒரு பவர் டேபிளும் ஓவர்லாக்கும் போட்டுப் பீஸ் தைத்துக் கொடுக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பிசிறு வெட்ட வந்த பனியன்கள் கட்டில் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அவை தொழில் சாமான்கள். வீட்டுப் பாலிஸி வீட்டுக்கு. ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று வேறு பாலிஸி அதே 2021ல் வந்திருக்கிறது. வீட்டில் மெஷின் ஓடுவதை மறைத்து வைத்தால், ஆபத்து வேளையில் அதுவே தகராறுக்குக் காரணமாகும்.

"எங்களுக்கு ஏது சொந்த வீடு?" என்று கேட்கிற லைன் வீட்டுச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டடம் வீட்டுக்காரருடையது, உள்ளே இருக்கும் சாமான் உங்களுடையது. சாமான்களுக்கு மட்டும் பாலிஸி எடுக்கலாம். 2025 ஜூலையில் கல்லூரி சாலைப் பக்கம் எம்.ஜி.ஆர். நகரில் காஸ் சிலிண்டர் வெடித்து 42 தகர வீடுகள் எரிந்தன. குடியிருந்தவர்களெல்லாம் தொழிலாளிகள். உடுத்த துணியோடு நின்றார்கள். மாறாக, பாங்கில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்காரர்கள், "பாங்குக்காரரே இன்ஷூர் செய்துவிட்டார்" என்று நிம்மதியாக இருப்பார்கள். அது பல சமயம் கட்டடத்துக்கு மட்டும். உள்ளே இருக்கும் சாமானைப் பற்றிப் பாங்குக்கு என்ன கவலை?

ஆபத்து நேர்ந்துவிட்டால் நாம் செய்யும் முதல் தப்பு, பெருக்கித் துடைப்பது! கரியும் சேறும் கிடந்தால் நமக்குப் பொறுக்காதுதான். ஆனால் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும் வரையில் உடைந்ததை உடைந்தபடி வைத்திருங்கள், போட்டோ எடுங்கள், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். எழுதிக் கேட்டும் ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

பில்கள்? அவற்றைப் பீரோவில் பத்திரமாக வைப்பது நம் வழக்கம். பீரோ எரிந்தால் பில்லும் எரியும்! போட்டோ எடுத்து வெளியூர்த் தங்கைக்கு ஒரு பிரதி அனுப்பிவிடலாம். செல்போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் வரும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸுக்கும் கம்பெனிக்கும் அது தேவைப்படும்.

எதிர் வீட்டுக்காரி புதுப் பாலிஸி எடுக்கப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பையனின் பழைய ரஃப் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாள். டெலிவிஷன், வாங்கிய வருஷம், விலை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், பிள்ளைகளின் டாப்லெட். ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம் திருப்பியது. எங்கள் இருவருக்குமே ஆச்சரியம், ஒரு சாதாரண வீட்டில் இவ்வளவு சாமானா என்று.

"கிரைண்டரும் எழுதறதுங்களா, அக்கா? எங்கம்மா சீதனமாக் குடுத்ததுங்க. பில்லு இல்லீங்களே!"

"எழுது அம்மிணி. போட்டோ இருக்கிறதா, பார்."

கல்யாண ஆல்பத்தை எடுத்து வர ஓடினாள்.