யாருமே ஃபோல்டு பண்ணாத போக்கர் மேஜை: கோவா போகும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பனாஜி, மாண்டோவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பல். சனிக்கிழமை இரவு. ஆபீஸ் நண்பர்களோடு கோவா வந்த நீங்கள் போக்கர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு ஏஸ். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 300 ரூபாய்க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். ஒருவர் விடாமல் ஐந்து பேர் ‘கால்’ சொல்லி உள்ளே வருகிறார்கள். கடைசியில், 8-ம் 5-ம் வைத்திருந்தவர் இரண்டு ஜோடியைக் காட்டி மொத்தத்தையும் அள்ளிக்கொள்கிறார்.

“இவங்களோட எப்படிப்பா ஆடுறது? எதுக்குமே ஃபோல்டு பண்ண மாட்டேங்குறாங்க!”

சின்னத் தொகை மேஜைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் கதை வேறு மாதிரி வருகிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற வேறுபாட்டை அது பார்க்கவில்லை. செல்போனில் பணம் வைத்து போக்கர் ஆடியவர்களுக்கு மிச்சம் இருப்பது நேரடி மேஜைதான். அதில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த இடம் கோவா. அங்கே 1976-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தில் பிறகு செய்த திருத்தம், கப்பல்களில் மேஜை விளையாட்டுகளை அனுமதிக்கிறது. வயது 21 ஆகியிருக்க வேண்டும்.

செல்போனில் கற்ற ஆட்டத்தை அப்படியே இந்த மேஜைக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

‘லூஸ்’ மேஜை என்றால் என்ன?

திட்டு இல்லை! போக்கரில் ‘லூஸ்’ என்றால் அதிகமான கைகளோடு உள்ளே வருபவர். நேரடி ஆட்டத்தில், அதிலும் சின்னத் தொகை மேஜையில், வருபவர்களில் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு சீட்டை மடக்கிப் போட்டு வேடிக்கை பார்க்க யாருக்கும் மனசு வராது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்சாஸ் ஹோல்டமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள். முதல் மூன்று சேர்ந்து விழுவது ஃப்ளாப், அடுத்தது டர்ன், கடைசி ரிவர். நான்கு சுற்று பந்தயம். இரண்டு பேர் கட்டாயமாகக் கட்டும் தொகை பிளைண்ட். இந்தக் கட்டுரை முழுக்க 50-100 ரூபாய் பிளைண்ட் மேஜையை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு ஏஸ் அடிக்கடி தோற்பது கெட்ட செய்தியா?

குத்துமதிப்பான எந்தக் கைக்கும் எதிராக, கடைசிச் சீட்டு வரை போனால், இரண்டு ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு இது:

• ஒரே ஒருவர் எதிரே இருந்தால் 85%
• இரண்டு பேர் என்றால் 73%
• மூன்று பேர் என்றால் 64%
• ஐந்து பேர் என்றால் 49%

அதாவது ஐந்து பேர் உள்ளே வந்தால் இரண்டுக்கு ஒரு தடவை தோற்பீர்கள். புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஆனால் அடுத்த வரியையும் போட்டுப் பாருங்கள்.

ஆளுக்கு 300 போட்டு ஒருவரோடு ஆடினால் பாட் 600. அதில் 85% என்றால் 510. நீங்கள் போட்ட 300 போக, சராசரி லாபம் 210. ஐந்து பேர் வந்தால் பாட் 1,800. அதில் 49% என்றால் 882. லாபம் 582.

தோற்கும் தடவை கூடுகிறது. லாபமும் கூடுகிறது. மேஜையில் நம் மனசு எண்ணுவது எத்தனை தடவை தோற்றோம் என்பதை. எண்ண வேண்டியது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை. இந்த ஒன்று புரிந்தால், கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாம் தானாக வரும்.

மாற்றம் 1: ரெய்ஸைப் பெரிதாக்குங்கள்

ஆன்லைனில் இரண்டரை மடங்கு பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்வது சகஜம். இங்கே 250 ரூபாயை யாரும் மதிக்க மாட்டார்கள். நேரடி ஆட்டக்காரர்கள் பரவலாகக் கையாளும் வழி: பெரிய பிளைண்டைப் போல 4 அல்லது 5 மடங்கு, அதோடு ஏற்கெனவே சும்மா ‘கால்’ சொல்லி வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளைண்ட். மூன்று பேர் வந்திருந்தால் 500 + 300 = 800.

அதே இரண்டு ஏஸ், 800-க்கு ரெய்ஸ், இரண்டு பேர் மட்டும் வருகிறார்கள் என்றால் பாட் 2,400. அதில் 73% என்றால் 1,752. லாபம் 952. ஐந்து பேரை 300-க்குக் கூப்பிட்டதைவிட அதிகம். ஃப்ளாப்புக்குப் பிறகு முடிவெடுப்பதும் எளிது.

மாற்றம் 2: பிளஃப்பைக் குறையுங்கள்

பிளஃப் என்பது ஒரு கதை சொல்வது மாதிரி. கேட்பவர் நம்பினால்தான் வேலை செய்யும்.

பாட்டில் 1,500 இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாமல் 1,000 கட்டுகிறீர்கள். கட்டின கணக்குக்குச் சரியாக வர, 40% தடவையாவது எல்லாரும் மடக்க வேண்டும். ஒவ்வொருவரும் மடக்கும் வாய்ப்பு 60% என்று வைத்துக்கொண்டால்:

• எதிரே ஒருவர்: 60% வெற்றி. சராசரி லாபம் 500
• எதிரே இருவர்: 36%. சராசரி நஷ்டம் 100
• எதிரே மூவர்: சுமார் 22%. சராசரி நஷ்டம் 460

இதுவே தாராளமான கணக்கு. லூஸ் மேஜையில் 60% மடக்குகிறவர் கிடைப்பதே அபூர்வம். ஆகவே இரண்டு பேருக்கு மேல் இருந்தால் வெறும் கையோடு பிளஃப் வேண்டாம்.

மாற்றம் 3: நல்ல கைக்கு முழு விலை கேளுங்கள்

‘பெரிசா கட்டினா ஓடிடுவாங்க’ என்ற பயத்தில் நல்ல கையைப் பதுக்குவது இங்கே நடக்கும் பெரிய தப்பு. ரிவரில் உங்களிடம்தான் சிறந்த கை, பாட் 3,000 என்று வைப்போம். 1,000 கட்டினால் 70% தடவை ‘கால்’ வரும் என்றால் சராசரி வரவு 700. 2,000 கட்டினால் 50%-தான் வரும் என்றாலும் வரவு 1,000. பாதிப் பேர் ஓடினாலும் பெரிய தொகைதான் லாபம். ‘கால்’ சொல்லவே வந்தவர்களிடம் தள்ளுபடி எதற்கு?

ஒரு எச்சரிக்கை. இவ்வளவு நேரம் பேசாமல் ‘கால்’ மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் டர்னிலோ ரிவரிலோ திடீரென்று ரெய்ஸ் செய்தால், நம்புங்கள். ஒரு ஜோடி வைத்துக்கொண்டு அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் பிளஃப் செய்கிற ஆளாக இருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மாற்றம் 4: எந்தக் கையோடு உள்ளே போவது?

கூட்டம் அதிகமானால் ஒற்றை ஜோடியின் மதிப்பு குறையும். கிங்-ஜாக், ஏஸ்-10 மாதிரி நிறம் சேராத கைகள் பார்க்க அழகு. ஆனால் ஐந்து பேர் நடுவே இரண்டாவது இடம் வாங்கித் தரும் கைகள் இவை. போக்கரில் அதிகம் செலவு வைப்பதும் அந்த இரண்டாவது இடம்தான்.

மாறாக, சின்ன ஜோடிகளுக்கு மதிப்பு கூடும். ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு சேரும் வாய்ப்பு 11.8%, அதாவது எட்டரைக்கு ஒரு தடவை. ஆகவே மலிவாக உள்ளே போக முடிந்து, எதிராளியிடம் நிறைய சிப்ஸ் இருந்தால் மட்டும் போங்கள்.

ஒரே நிறத்தில் நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும்போதும் கூட்டம் உதவுகிறது. டர்னில் அது வரும் வாய்ப்பு 19%. பாட் 1,500, ஒருவர் 1,000 கட்டுகிறார், நீங்கள் மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த 1,000-ஐப் போட உங்களுக்குச் சுமார் 29% வாய்ப்பு தேவை. கட்டுப்படியாகாது. நடுவில் இருவர் ‘கால்’ சொல்லியிருந்தால் தேவை 18% ஆகக் குறைகிறது. இப்போது போகலாம். ஆனால் காத்திருப்பது பெரிய சீட்டுக்காக இருக்கட்டும். ஐந்து பேர் உள்ள இடத்தில் சின்ன ஃப்ளஷ்ஷை வேறொரு ஃப்ளஷ் அடிக்கலாம்.

உண்மையான எதிரி யார்?

போரடிப்பு. நேரடி மேஜையில் மணிக்குச் சுமார் 25 முதல் 30 கைதான் நடக்கும். இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு தடவை, அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஏஸ், கிங், ராணி ஜோடிகளையும் ஏஸ்-கிங்கையும் சேர்த்தாலும் 39 கைக்கு ஒன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நல்ல கை!

இதற்கு நடுவில் ‘சும்மா ஒரு கை பார்ப்போமே’ என்று இறங்கும்போது நீங்களும் எட்டு-ஐந்தோடு ‘கால்’ சொல்பவராக மாறிவிடுகிறீர்கள். புலம்பின ஆளே புலம்ப வைக்கிற ஆளாகிறார்.

சரியாக ஆடினால் ஜெயித்துவிடலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். மேஜையில் உங்களோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: கேசினோவும் வரித்துறையும்.

ஒவ்வொரு பாட்டிலும் கேசினோ எடுக்கும் பங்கு ரேக். 5% என்று வைப்போம். மணிக்கு 20 பாட், சராசரி 4,000 என்றால், 4,000 ரூபாய் மேஜையை விட்டே போகிறது. எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மணிக்கு 500. ஐந்து பெரிய பிளைண்ட்! அதைத் தாண்டித்தான் உங்கள் லாபம்.

கேசினோவுக்கான ஜிஎஸ்டி 2023 அக்டோபர் 1 முதல் 28%, 2025 செப்டம்பர் 22 முதல் 40%. சிப்ஸ் வாங்கக் கட்டும் தொகையை வைத்து இது கணக்கிடப்படுகிறது. 10,000 ரூபாயில் வரியும் அடக்கம் என்றால் கையில் சிப்ஸாக நிற்பது 7,143 மட்டுமே. போக்கர் அறையில் எப்படிப் பிடிக்கிறார்கள், ரேக் எவ்வளவு, உச்சவரம்பு உண்டா என்று உட்காரும் முன் கேளுங்கள். ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரி தனி. ஒரு ட்ரிப்பில் ஜெயித்ததை அடுத்த ட்ரிப்பின் நஷ்டத்தோடு கழித்துக்கொள்ள முடியாது.

வரியைத் தள்ளிவைத்தே இன்னொரு கணக்கு. ரேக் போக மணிக்கு 5 பெரிய பிளைண்ட் சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரர் ஒருவர். 100 கைக்கு 100 பிளைண்ட் அளவு ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தால், 10 மணி நேர வார இறுதியில் அவர் நஷ்டத்தோடு எழும் வாய்ப்பு சுமார் 38%. 100 மணி நேரம் ஆடிய பிறகும் அது சுமார் 17%. திறமை இருந்தும் ஆறில் ஒருவருக்கு இந்தக் கதி.

இதன் அர்த்தம் இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு ட்ரிப்பில் தோற்றால் நீங்கள் மோசமான ஆட்டக்காரர் என்று ஆகிவிடாது. ஒரு ட்ரிப்பில் ஜெயித்தால் கெட்டிக்காரர் என்றும் ஆகிவிடாது. ‘எனக்கு இது வருது’ என்று நம்பி போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது ட்ரிப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

போவதாக இருந்தால், போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகையை ஊரிலேயே முடிவு செய்யுங்கள். அது தீர்ந்தால் எழுந்துவிடுங்கள். ஏடிஎம் பக்கம் போக வேண்டாம். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கும் நிலை உங்களுக்கோ நண்பருக்கோ வந்திருந்தால், அதற்குப் போக்கர் கணக்கில் தீர்வு இல்லை. டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம்.