எண்ணெய் வற்றிய டேஷ்போர்டு

வெயிலில் நின்ற பழைய காரின் முன்கண்ணாடியை உள்பக்கமாக விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒரு மங்கல் ஒட்டும். தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுவோம், சில நாளில் திரும்ப வந்துவிடும். அந்தப் பிசுக்கில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்ததல்ல. கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் டேஷ்போர்டிலிருந்து ஆவியாகி எழுந்து கண்ணாடியில் படிந்த எண்ணெய் அது. டேஷ்போர்டில் வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதற்கான வேலை தொடங்கிவிட்டது என்று அந்த மங்கல் சொல்கிறது.

தோவாளைப் பூச்சந்தைக்கு வரும் வண்டிகளில் முதல் முழம் பிச்சிப்பூ பெரும்பாலும் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குத்தான். அந்தப் பிள்ளையாரை ஒட்டியிருக்கும் இருபக்க டேப்பை இழுத்துப் பார்த்தால் டேஷ்போர்டின் வயது தெரிந்துவிடும். புது வண்டியில் டேப் மட்டும் கையோடு வரும். முப்பது வருஷம் வெயில் தின்ற வண்டியில் தோலும் சேர்ந்து பெயர்ந்து வரும். பெயர்ந்த துண்டை மடக்கினால் அப்பளம் போல நொறுங்கும்.

மெத்தென்ற டேஷ்போர்டு மூன்று அடுக்காக இருக்கும். அடியில் தகடு அல்லது கெட்டி பிளாஸ்டிக் சட்டம், நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், மேலே மெல்லிய வினைல் தோல். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் வெறும் தகடுதான் இருந்தது. அது வெடிக்காது, ஆனால் மோதும்போது மண்டையை உடைக்கும். மெத்தை வந்ததே உயிர் காக்கத்தான். 1956 மாடல் கார்களில் ஃபோர்டு நிறுவனம் அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. கார்களின் பாதுகாப்புக் குறைகளை ரால்ஃப் நேடர் 1965-இல் புத்தகம் எழுதி உலுக்கினார். 1968 முதல் அமெரிக்காவில், மோதினால் அடியைத் தாங்கிக்கொள்ளும்படி காரின் உட்புறம் இருக்கவேண்டும் என்பது சட்டமானது. ஆகவே வெடித்த டேஷ்போர்டை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது சரியில்லை.

மேலே இருக்கும் வினைல் என்பது பிவிசி. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயும் அதே பிவிசிதான். குழாய் மடங்காது, டேஷ்போர்டுத் தோல் மடங்கும். காரணம், பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய். சுத்தமான பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை விறைப்பாகவே நிற்கும். எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தாலேட் வகை எண்ணெய் கலந்தால் சாதாரண வெப்பத்திலேயே தோல் போல வளையும். ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்த வால்டோ செமன், அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் 1926-இல் கண்டுபிடித்த வழி இது. இந்த எண்ணெய் பிவிசியின் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விடுகிறது. ஆனால் இழைகளோடு வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. ஒண்டிக் குடியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏறினால் கிளம்பிவிடும்.

எவ்வளவு சூடு? அரிசோனாவில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களுக்குள் காற்றின் வெப்பம் சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டின் வெப்பம் 69 டிகிரி. நிழலில் நிறுத்தியபோது டேஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது. அந்த 21 டிகிரி வித்தியாசம்தான் டேஷ்போர்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தோவாளை ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போது ஒருமுறை என்று வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சியில் நிற்கும் ஊர் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எவ்வளவுதான் வீசினாலும், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது எட்டாது.

எண்ணெய் போகப்போகத் தோல் சுருங்கப் பார்க்கும். ஆனால் அது ஃபோமோடும் சட்டத்தோடும் ஒட்டியிருப்பதால் சுருங்க வழியில்லை, எந்நேரமும் இழுவிசையிலேயே கிடக்கும். இதன்மேல் பகல் இரவு ஏற்ற இறக்கம் வேறு. 40 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் எஃகு அரை மில்லிமீட்டர்தான் நீளும், விறைத்த பிவிசியோ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளும். போதாதென்று அடியிலிருந்தும் தாக்குதல் உண்டு. ஃபோம் செய்யும்போது சேர்க்கும் அமீன் வகை வினையூக்கிகளின் மிச்சம் பிவிசியைச் சிதைக்கும். சிதையும் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும், அதுவே மேலும் சிதைவை முடுக்கும்.

வெடிப்பு எங்கே தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்: ஸ்பீக்கர் துளை, ஏசி வாய், இவற்றின் கூரான மூலைகள். துளையின் ஓரத்தில் விசை எப்படிக் குவிகிறது என்று 1913-இல் பிரிட்டிஷ் பொறியாளர் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். வட்டத் துளையின் விளிம்பில் விசை சுமார் மூன்று மடங்காகும். துளை கூராகக் கூராக மடங்கு ஏறிக்கொண்டே போகும். கூரிய முனை உள்ள ஒரு விரிசல் தன்னைத் தானே கிழித்துக்கொண்டு போவது இதனால்தான்.

ஆகவே பழுதுபார்ப்பதில் முதல் வேலை, விரிசலின் இரண்டு முனையிலும் 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு துளை போடுவது. கூர் முனை வட்டமானால் விரிசல் அங்கேயே நிற்கும். பலர் இதைச் செய்யாமல் நேரே பூச்சுக்குப் போகிறார்கள். அடுத்த கோடையில் பூச்சைத் தாண்டி விரிசல் நீண்டிருக்கும்.

பளபளப்புக்காகத் தேய்க்கும் சிலிக்கான் பாலிஷ் பற்றி ஒரு குஷன் கடைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி: “மேல வச்சுத் தேச்சா உள்ள போவுமா அண்ணாச்சி? மினுங்கும், அவ்வளவுதான்.” சிலிக்கான் எண்ணெய் பிளாஸ்டிசைசர் அல்ல. பிவிசி இழைகளுக்குள் அது போகாது. மேலாக நின்றுகொண்டு, பின்னால் போடும் எந்தப் பூச்சையும் பிடிக்கவிடாமல் செய்யும். பெயின்ட் அடித்தால் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக விலகி நிற்பது அந்த மிச்சத்தினால்தான். அதனால் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று பொறுமையாகக் கழுவி எடுக்க வேண்டும்.

பிறகு மேலே சுருண்டு நிற்கும் விரிசல் உதடுகளைப் பிளேடால் சீவி, சரிவாக வெட்டி, பள்ளத்தை நிரப்ப வேண்டும். இங்கேதான் வேலை கெடுகிறது. பாடி வேலைக்கு இழுக்கும் பாலியெஸ்டர் பட்டியை இதிலும் இழுத்துவிடுகிறார்கள். காய்ந்த பட்டி கல். சுற்றியுள்ள வினைல் நீளும்போது அது நீளாது, ஓரத்தில் மறுபடி வெடிக்கும். வளையும் தன்மையுள்ள பாலியூரித்தேன் அல்லது ஃபிளெக்ஸிபிள் எபாக்ஸி ஃபில்லர்தான் வேண்டும். 80, 180, 320 என்று உப்புத்தாள் ஏற்றிக்கொண்டே போய் மட்டமாக்கி, சொரசொரப்புக்கு டெக்ஸ்சர் தெளித்து, கடைசியில் வினைல் பெயின்ட் அடிக்க வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் கட்டாயம். பழைய பிவிசியில் ஈயம், காட்மியம் கலந்த நிலைப்படுத்திகள் இருந்திருக்க வாய்ப்புண்டு. ஆடிக் காற்றில் திறந்தவெளியில் இந்த ஸ்ப்ரே வேலையை வைத்துக்கொண்டால் கணவாய்த் தூசியெல்லாம் பூச்சில் வந்து உட்காரும்.

வெடிப்பு ஒன்றிரண்டு என்றால் இது போதும். தோலே முழுக்க அப்பளமாகிவிட்டால் ஒட்டுப்போடுவது வீண். மொத்தமாக உரித்து, ஃபோமைச் சீராக்கி, புதுத் தோல் போர்த்த வேண்டும். நல்ல முறை, சூடேற்றிய வினைல் ஷீட்டை டேஷ்போர்டின் மேல் விரித்து அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவது. உள்ளே காற்று போனால் வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டன் அழுத்தத்தோடு ஷீட்டைப் பள்ளம் மேடெல்லாம் அமுக்கிவிடும். கையால் இழுத்து ஒட்டுகிறவர்கள், செருப்புக்குப் பூசும் சாதாரணப் பசையைத் தவிர்க்க வேண்டும். 69 டிகிரியில் அது இளகிக் கண்ணாடி ஓரம் தோல் தூக்கிக்கொள்ளும்.

மிஞ்சியிருக்கும் எண்ணெயைக் காப்பாற்றும் வழியை அருங்காட்சியகங்களிடம் கேட்கலாம். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் இவோன் ஷாஷுவா, மென்மையான பிவிசிப் பொருள்களைக் காற்றோட்டமின்றி மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் எண்ணெய் இழப்பு வெகுவாகக் குறைவதைக் காட்டினார். பாலித்தீனில் சுற்றினால் அந்த எண்ணெயைப் பாலித்தீனே உறிஞ்சிக்கொள்ளும். கழற்றிய டேஷ்போர்டைப் பாலித்தீன் கவரில் கட்டிப் பரண்மேல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்காக 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக் கூடாது என்கிறது விதி. டேஷ்போர்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் தொழிற்சாலையில் அச்சில் வார்த்த அந்த நுண்வரிகளை எந்த ஸ்ப்ரேயாலும் அப்படியே கொண்டுவர முடியாது. ஒரு விரல் நீள விரிசலுக்காக முழுத் தோலையும் உரிப்பதை நான் ஏற்கமாட்டேன். முனையில் துளை போட்டு, வளையும் ஃபில்லரால் அடைத்து, வண்டியை நிழலில் நிறுத்தினால் போதும். ஏர்பேக் உள்ள வண்டியில் மட்டும் இதில் எதையும் வீட்டில் செய்யக் கூடாது. பயணி பக்கத்துத் தோலுக்கு அடியில், பை விரியும்போது கிழிவதற்கென்றே மெலிதாக்கிய கோடு இருக்கும். அதன்மேல் ஃபில்லரோ புதுத் தோலோ ஏறினால் பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம்.