தலைமுடி அளவு பிசகினாலும் ஆபத்து! - பழைய தோட்டாவுக்கு மறுபிறவி கொடுக்கும் அமெரிக்கர்கள்

துப்பாக்கி வெடித்ததும் 'டிங்' என்ற சத்தத்தோடு ஒரு பித்தளைக் கூடு தரையில் விழும். சினிமாவில் ஸ்லோமோஷனில் பார்த்திருப்போம். கேமரா அதோடு அதை மறந்துவிடும். ஆனால், அமெரிக்காவில் பலர் குனிந்து அதைப் பொறுக்கி, பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். மறுபடியும் தோட்டாவாக்க!

இந்தப் பொழுதுபோக்குக்கு 'ரீலோடிங்' என்று பெயர். மான் வேட்டைக்குப் போகிறவர்கள், குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள் எனப் பலர் கார் ஷெட்டில் ஒரு மேஜையைப் போட்டு இதைச் செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நம் நாட்டில் கதையே வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் சிறைதான். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பித்தளை தேடிக் கிளம்ப வேண்டாம்!

இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம், வெடிமருந்து நிரப்புவதாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். அதற்கும் முன்னாலேயே ஒரு படி இருக்கிறது. 'ரீசைஸிங்'. அதாவது, உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது.

ஏன் அளவு மாறுகிறது?

தோட்டாவில் உறை, பிரைமர், மருந்து, குண்டு என நான்கு பாகங்கள். சுட்டபின் மீண்டும் பயன்படுவது உறை மட்டும்தான். 70 சதவிகிதம் செம்பு, 30 சதவிகிதம் துத்தநாகம் கலந்த பித்தளை அது.

1952-ல் வந்த '.308 வின்செஸ்டர்' ரகத்தை எடுத்துக்கொள்வோம். இதில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது 30 சொச்சம்தான். இந்த அழுத்தத்தில் உறை பலூன் மாதிரி உப்பி, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் சுருங்கும். ஆனால், முழுதாகப் பழைய நிலைக்கு வராது. அப்படியே மறுபடி பயன்படுத்தினால் கழுத்துப் பகுதி குண்டைப் பிடிக்காது. வேறொரு துப்பாக்கியில் போட்டால் உள்ளே நுழையாமலே போகலாம்.

அதனால், 'டை' எனப்படும் எஃகு அச்சுக்குள் உறையைச் செலுத்தி, பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து அழுத்துகிறார்கள். உறை ஒல்லியாகிறது. அதே அழுத்தில், அச்சின் நடுவே உள்ள ஊசி பழைய பிரைமரைத் தள்ளிவிடுகிறது.

அழுத்துவதற்கு முன் உறையைச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில், மழைக்காலத்தில் நம் நாட்டில் ராணுவத் தோட்டாக்களின் உறைகள் தானாகவே விரிசல் விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்களாம். குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாதான் வில்லன் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு உறையைப் பளபளப்பாக்காதே என்று இன்றும் புதியவர்களை எச்சரிப்பது இதனால்தான்.

அடுத்து, எண்ணெய். மசகு தடவாமல் அழுத்தினால் உறை அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு துளைபோட்டு, திருகாணி ஏற்றித்தான் பிடுங்க வேண்டும். பயந்துபோய் அதிகம் தடவினாலும் வம்பு. தோள்பட்டை போலச் சரியும் பகுதியில் எண்ணெய் தேங்கி, அங்கே பள்ளம் விழுந்துவிடும்.

பத்து டிகிரி விளையாட்டு

இனிதான் முக்கியமான விஷயம். அந்தத் தோள் எவ்வளவு பின்னால் தள்ளப்பட வேண்டும்? ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிலிருந்து மூன்று பங்குவரை போதும் என்பதுதான் பொதுவான கணக்கு. இரண்டு பங்கு என்றால் 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு!

அச்சைப் பிரஸ்ஸில் திருகிப் பொருத்தும் மரையில் அங்குலத்துக்கு 14 சுற்றுகள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்தில் இரண்டு பங்கு நகர, அச்சைச் சுமார் 10 டிகிரி திருப்பினால் போதும். கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரம்கூட இல்லை. ஆனால் புதியவர்களோ, 'அச்சு அடியில் முட்டும்வரை திருகு, அதற்கு மேல் கால் சுற்று' என்ற பழைய யோசனையை அப்படியே பின்பற்றுகிறார்கள். உறை சிறிதாக இருந்தால் சுலபமாக நுழையும், அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்.

உண்மையில் நடப்பது தலைகீழ். தோள் அதிகம் தள்ளப்பட்ட உறைக்கு சேம்பரில் முன்னும் பின்னும் அசைய இடம் கிடைக்கிறது. சுடும்போது உறையின் முன்பாதி சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னால் தள்ளப்படுகிறது. நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. அடுத்த முறை அழுத்தும்போது மறுபடி அதே தவறு. சில சுற்றுகளில் உறை இரண்டாகப் பிய்ந்துவிடலாம். கொதிக்கும் வாயு பின்பக்கம் கசிந்தால், அங்கே இருப்பது சுடுபவரின் முகம்.

இதைத் தவிர்க்க, சுட்ட உறையின் அடியிலிருந்து தோள்வரை முதலில் அளந்துகொள்ள வேண்டும். பள்ளி இயற்பியல் லேபில் பார்த்த வெர்னியர் காலிப்பர் போன்ற கருவியோடு, 'கம்பேரட்டர்' என்ற சின்னத் துணைப்பொருளும் தேவை. பிறகு அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை இது.

அழுத்தும்போது உறை நீளவும் செய்யும். .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம். தாண்டினால் நுனியைச் சீவிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் கழுத்து முன்னால் இடித்து, குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தத்தை எகிற வைக்கும்.

ஏற்கெனவே மெலிந்துபோன உறையைக் கண்டுபிடிக்க, அனுபவசாலிகள் வைத்திருக்கும் கருவி பேப்பர் கிளிப்! கம்பியை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல வளைத்து, உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே வருடுகிறார்கள். அடிக்குச் சற்று மேலே பள்ளத்தில் கம்பி தடுக்கினால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. அதைக் குப்பையில் போடும் முன் பிளையரால் வாயை நசுக்கிவிடுகிறார்கள். இன்னொருவர் பொறுக்கிப் போய்விடக் கூடாதே!